எண்ணெய் காய்கிற நேரம்

துணி போன வழியெல்லாம் மரம் ஒரு கணம் கறுத்து மறுகணம் வெளுத்தது, அந்த ஓரிடத்தில் மட்டும் வெளுக்கவில்லை, பேஸ் கிட்டாரின் மேல்தோளில், வாசிக்கும்போது அவளுடைய முன்னங்கை சாயும் இடத்தைத் தாண்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை, ஐந்து விரலும் லேசாக விரிந்தது போல, எத்தனை தடவை துடைத்தாலும் அங்கேயே இருந்தது, ஜெனோவா மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள், அழுத்தித் துடைத்தால் மரத்தின் நார் எழுந்துவிடுமோ என்று பயம், அழுத்தாமல் விட்டால் அழுக்கு உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்குமோ என்று பயம், துணியை எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் அதில் ஈரம் கொஞ்சம் கூடிப்போயிற்றோ என்று அதற்கும் ஒரு பயம். மற்ற கிட்டார்களுக்கெல்லாம் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், வேர்வை பட்டால் முந்தானையால் துடைத்துவிட்டுப் போகலாம், இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது, செய்தவன் இழைத்த கையோடு மரத்தை மரமாகவே விட்டுவிட்டான், அது எல்லாவற்றையும் குடிக்கும், கை வேர்வையை, தலையிலிருந்து வழிகிற எண்ணெயை, தூத்துக்குடிக் காற்றில் கலந்து வருகிற உப்பை, மழை மாதத்தில் சுவரிலிருந்து இறங்குகிற ஈரத்தை. சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்க்கிற அவள் கணவன் லிகோரி ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் அதைப் பார்த்து, இது என் வீட்டுக்காரிக்கு என்று வாங்கி, போர்வைக்குள் சுற்றிக் குழந்தையைக் கொண்டுவருவது மாதிரி கொண்டுவந்தான், ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும், ஏளா, அதுக்கு வார்னிஷ் மட்டும் அடிச்சிராத, வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால தொட, அழுக்கு ரொம்ப இருந்தாத்தான் ஈரத்துணி, பொறவு எண்ணெய் போடு, மரம் வறண்டுச்சுன்னா வெடிச்சிரும், பாத்துக்கிடு என்பான், அவள் சரிங்க, சரிங்க என்பாள், சொல்லும்போதே அது எங்கோ ஓர் இடத்தில் வெடித்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும்.

வந்த புதிதில் எண்ணெய் என்று அவன் சொன்னதைத் தேங்காய் எண்ணெய் என்று எடுத்துக்கொண்டாள், தலைக்குத் தேய்ப்பது போல நன்றாகத் தேய்த்துவிட்டாள், சில வாரத்தில் மரம் காறல் வாடை அடித்தது, எறும்பு வரிசை கட்டியது, அதைச் சரிசெய்ய மெல்லிய உப்புத்தாளை வைத்து மரத்தின் ரேகை போகிற போக்கிலேயே தேய்த்துத் தேய்த்து அவள் பட்ட பாடு, அவன் கப்பலிலிருந்து வருவதற்குள் வாடை போகவேண்டுமே என்று தினமும் மூக்கை வைத்துப் பார்த்தாள், அவன் வந்து முகர்ந்து பார்த்துச் சிரிக்கத்தான் செய்தான், திட்டவில்லை, ஆனாலும் பயந்தது பயந்ததுதானே. ஜெனோவாவுக்குப் பயம் என்பது எப்போதாவது வந்து போகிற விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். பஸ் ஏறிய பிறகு அடுப்புக் கேஸை மூடினோமா என்று இறங்கித் திரும்பி வருவாள், இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினோமா, மோட்டாரை நிறுத்தினோமா, பூட்டை இழுத்துப் பார்த்தோமா, இழுத்தது இன்றைக்கா நேற்றைக்கா. கோயில் பாடகர் குழுவில் அவளைச் சிறுபெண்ணாகச் சேர்த்தபோது அல்போன்ஸ் மாஸ்டர் முதலில் பாடத்தான் நிற்கவைத்தார், வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, ஆட்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதாகப் பட்டது, அப்போது யாரும் எடுக்க விரும்பாத பேஸ் கிட்டார் ஒன்று மூலையில் கிடந்தது, மாஸ்டர் அதை அவள் கழுத்தில் மாட்டி, இத வாசிக்கிறவள எவனும் பாக்கமாட்டான், நீ பின்னால நின்னுக்கோ, ஆனா நீ நிறுத்துனா எல்லாருக்கும் கால் தடுக்கும் என்றார், அன்றைக்கு நின்ற இடம்தான், பின்னால், சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப்பின் பக்கத்தில், கல்யாணக் கச்சேரியிலும் திருவிழா மேடையிலும் அவள் அங்கேயேதான் நிற்கிறாள்.

கறை பிரிஸ்காவுடையது. லிகோரியின் தங்கை பிரிஸ்கா, சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து உயிர் தங்கியது, காது தங்கவில்லை, ஜெனோவா கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும், கதவோரத்தில் நின்று பார்ப்பாள், பக்கத்தில் வரமாட்டாள், ஒரு நாள் சாயங்காலம் ஜெனோவா ஆம்ப்பைப் போடாமல் சும்மா மடியில் வைத்துக் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு கை வந்து மரத்தின் மேல் படிந்தது, ஜெனோவா பதறிப்போய் நிறுத்தினாள், அந்தக் கை மரத்தை இரண்டு தட்டுத் தட்டியது, வாசி என்று அர்த்தம், வாசித்தாள், தடித்த கம்பியை இழுத்து விட்டபோது பிரிஸ்காவின் கண் அகன்றது, மரத்தில் ஓடிய அதிர்வு அவள் முழங்கை வரை ஏறியிருக்கவேண்டும், தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அது சிரிப்பு என்று ஜெனோவாவுக்குப் பிறகுதான் புரிந்தது. அதற்குப் பிறகு தினமும் அந்தக் கை அங்கே, துணி தைத்துத் தைத்து வேர்த்த கை, மெஷின் எண்ணெய் பட்ட கை, வருஷக்கணக்காக மரம் அதைக் குடித்துக் குடித்து இப்படி ஆகியிருந்தது. இரண்டு விரலால் காற்றில் கம்பி இழுப்பது போலச் செய்தால் பிரிஸ்காவின் பாஷையில் மைனி, அண்ணன் பெண்டாட்டி, என்று அர்த்தம். மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு, லிகோரி கடலில் இருக்கிற மாதங்களில், வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

பிரிஸ்காவுக்கும் ஒரு பயம் உண்டு. ஒரு நாள் வீட்டில் தனியாக மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தவள் எதற்கோ திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறான், கரண்டு மீட்டர் பார்க்க வந்தவன், வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவன், தப்பான ஆள் ஒன்றும் இல்லை, அவனே பயந்துபோய் ஓடினான், ஆனால் அன்றிலிருந்து அவள் தன் அறைக்குள் போனால் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிடுவாள், போடாமல் கண்ணை மூடமாட்டாள். ஜெனோவாவுக்கு அந்தத் தாழ்ப்பாளைக் கண்டால் ஆகாது, உள்ளே மயங்கி விழுந்தால் என்ன செய்வது, கூப்பிட்டால் கேட்கவா போகிறது, என்று சைகையில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், பிரிஸ்கா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள், உனக்கு உன் கேஸ், எனக்கு என் தாழ்ப்பாள்.

மாதா திருவிழா நெருங்கிவிட்டது, கச்சேரி இருக்கிறது, அதற்குள் கிட்டாரைச் சரிசெய்துவிட வேண்டும் என்று அன்று காலையிலேயே ஜெனோவா உட்கார்ந்துவிட்டாள். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினாள், தூசி தட்டினாள், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டாள், உப்புத்தாளால் லேசாக ஒரு முறை தேய்த்தாள், பிரிஸ்காவின் கை பட்ட இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள், அதைச் சுற்றி மட்டும் தேய்த்துவிட்டு அதை அப்படியே விட்டாள், பிறகு ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்த லின்சீட் ஆயில் டின்னைத் திறந்தாள், கதவு ஜன்னலுக்குப் பெயிண்டர்கள் போடுகிற எண்ணெய், காய்ந்து மரத்துக்குள் பிடித்துக்கொள்ளும், காறல் வராது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார், லிகோரியின் பழைய பனியனைக் கிழித்து அதில் நனைத்துத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க மரம் விழித்துக்கொள்வது போல இருந்தது, அதுவரை மங்கலாக இருந்த ரேகைகள் எல்லாம் எழுந்து ஓடின, கொஞ்ச நேரம் ஊறவிட்டு மிஞ்சியதை இன்னொரு துண்டால் துடைத்தெடுத்தாள், மறுபடி ஒரு பூச்சு, மறுபடி துடைப்பு, அவளுக்கு அப்போதும் பயங்கள் இருந்தன, தரையில் எண்ணெய் சிந்தி பிரிஸ்கா வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று தரையை இன்னும் ஒரு துணியால் துடைத்தாள், டின்னைக் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள், எண்ணெயில் ஊறிய துணிகளைச் சுருட்டி உருட்டி, பிரிஸ்காவின் அறை வாசலில் வெட்டுத்துணி போடுகிற பிளாஸ்டிக் வாளியில் திணித்தாள், அதைப் பற்றி மட்டும் அவள் பயப்படவில்லை, எத்தனையோ பயத்துக்கு நடுவில் அது ஒன்றுதான் பயமில்லாமல் செய்த காரியம். கிட்டாரை ஜன்னலோர மேசையில் மல்லாக்கக் கிடத்தினாள், எண்ணெய் காயட்டும், இன்றைய ஒத்திகைக்குக் கோயிலில் கிடக்கிற பழைய பேஸ் போதும். மத்தியானம் சாப்பிட்டதும் பிரிஸ்கா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக் காட்டினாள், தூங்கப்போகிறேன், திருவிழா உடுப்பு தைத்துத் தைத்துக் கண் சிவந்திருந்தது, அறைக்குள் போனாள், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் ஜெனோவாவுக்குக் கேட்டது, அவளுக்கு மட்டும்தான் கேட்டது. வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

கோயிலின் பங்கு மண்டபத்தில் ஒத்திகையின் இரண்டாவது பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பயம் வந்துவிட்டது, வழக்கமான இடத்தில்தான், விலா எலும்புக்குக் கீழே, கேஸை மூடினோமா, ரசத்தை இறக்கினோம், பிறகு பால், பாலை இறக்கியதும் குமிழைத் திருகினோமா, திருகினது ஞாபகம் இருக்கிறதா, அது நேற்றா. கை பாட்டுக்கு வாசிக்கிறது, கண் முன்னால் நீல நெருப்பு நிற்கிறது, வாசிப்பு ஒரு தட்டுப் பிந்துகிறது, அல்போன்ஸ் மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்துகிறார், ஏம்மா ஜெனோவா, எங்கன போயிட்ட, என்கிறார், மாஸ்டர், வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன், பிரிஸ்கா உள்ள தூங்குதா, என்கிறாள், கீபோர்டு வாசிக்கிறவர் கேஸா என்று கேட்க எல்லாரும் சிரிக்கிறார்கள், மாஸ்டரும் சிரிக்கிறார், நீ மூடாம வரமாட்டம்மா, மூடிட்டு மூடலன்னு நினைக்கிற ஆளு நீ, அடுத்த பாட்ட முடிச்சிட்டுப் போ. அவள் சரி என்று தலையாட்டினாள், அடுத்த பாட்டு ஆரம்பித்தது, இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை ஓடியிருக்கிறாள், ஒரு தடவையாவது கேஸ் திறந்திருந்ததா, இல்லை, இன்றைக்காவது ஓடாமல் நின்று பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள், நின்றாள், கம்பியைப் பிடித்திருந்த விரல் வழுக்கியது, உள்ளங்கை முழுக்க வேர்வை, அந்த வேர்வையில் காலையில் தேய்த்த எண்ணெயின் வாடை, அவ்வளவுதான், கழுத்திலிருந்து வாரைக் கழற்றினாள், மன்னிச்சிருங்க மாஸ்டர் என்றாளா இல்லையா என்பது தெரியாது, தெருவில் ஆட்டோவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

தெரு முனையில் இறங்கியதும் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் எல்லாம் அப்படியே இருக்கிறது, பக்கத்து வீட்டு விக்டோரியா அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள், ஏளா, அதுக்குள்ள வந்துட்ட, என்று கேட்கிறாள், சும்மாக்கா, என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திறக்கிறாள், கதவைத் தள்ளியதும் சூடான ஏதோ ஒன்று முகத்தில் வந்து மோதியது, கருப்பு, வீட்டுக்குள் சாயங்காலத்துக்கு முன்னாலேயே ராத்திரி வந்து உட்கார்ந்திருக்கிறது, அந்தக் கருப்புக்குள் தரையோடு தரையாகச் சிவப்பு, வாளி இல்லை, வாளி உருகித் தரையில் ஓடி எரிந்துகொண்டிருந்தது, வெட்டுத்துணியெல்லாம் எரிந்தது, பக்கத்தில் இருந்த செருப்பு அலமாரி எரிந்தது, பிரிஸ்காவின் அறைக்கதவு கீழிருந்து பாதி வரை எரிந்தது, புகை கதவின் அடியில் நுழைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, ஏதோ அதற்கு உள்ளே வேலை இருப்பது போல. ஜெனோவா கத்தினாள். பிரிஸ்கா, பிரிஸ்கா, என்று தொண்டை கிழியக் கத்தினாள், கத்துகிறபோதே தெரிந்தது, உலகத்தில் எல்லாருக்கும் கேட்கும், அவளுக்குக் கேட்காது. மெயின் சுவிட்சை இறக்கினாள், குடத்துத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள், அது சீறிவிட்டு மறுபடி எழுந்தது, விக்டோரியா அக்கா வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, ஏ தீ, ஏ ஓடியாங்க, தீ, என்று தெருவைக் கூப்பிட்டாள், ஜெனோவா அதற்குள் வெளியே ஓடிப் பக்கத்து முடுக்குக்குள் நுழைந்தாள், இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற அகலம், அதில்தான் பிரிஸ்காவின் ஜன்னல்.

ஜன்னல் வெயிலுக்குப் பயந்து சாத்தியிருக்கிறது, கண்ணாடிக்கு உள்ளே தெரிகிறது, கட்டிலில் பிரிஸ்கா, முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள், அவளுக்கு மேலே கொசுவலை கட்டியது போல புகை தொங்குகிறது, மெல்ல இறங்குகிறது. கண்ணாடியைத் தட்டுகிறாள், எதற்குத் தட்டுகிறாள், கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்து அடிக்கிறாள், கண்ணாடி உடைந்து உள்ளே விழுகிறது, கம்பிக்குள் கையை விட்டால் கட்டில் எட்டவில்லை, செருப்பைக் கழற்றி எறிகிறாள், ஒன்று சுவரில் படுகிறது, ஒன்று முதுகில் படுகிறது, அசையவில்லை, அசையவில்லையே, மாதாவே, அசையவில்லையே. விக்டோரியா அக்கா முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியைத் தூக்கிக்கொண்டு முடுக்குக்குள் இடித்துக்கொண்டு வருகிறாள், இதால குத்துளா, குத்து, என்கிறாள், நீளக் கம்பு, நுனியில் கொக்கி, ஜெனோவா அதைக் கம்பிகளுக்கு நடுவே செலுத்தி பிரிஸ்காவின் தோளில் குத்துகிறாள், மெதுவாக, பிறகு பலமாக, பிறகு எலும்பில் படுகிற மாதிரி. பிரிஸ்கா துள்ளி எழுந்தாள். இருமினாள். முகத்தில் தூக்கமும் பயமும், கம்பைப் பார்த்தாள், ஜன்னலில் இரண்டு தலைகளைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், புரிந்துவிட்டது, புரிந்ததும் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதைச் செய்தாள், திரும்பிக் கதவைப் பார்த்து ஓடினாள்.

அந்த நேரத்தை ஜெனோவா பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள், பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பூசையில் முழங்காலில் இருக்கும்போது, பிரிஸ்காவின் முதுகு, பூப்போட்ட நைட்டி போட்ட முதுகு, கை தாழ்ப்பாளை நோக்கி நீளுகிறது, கதவின் அந்தப் பக்கம் நெருப்பு நின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்தவள் இந்தப் பக்கம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று அலறுகிறாள், திரும்பிப் பார்த்தால் ஒரே ஒரு சைகையில் சொல்லிவிடலாம், திரும்பவில்லை, முதுகுக்குக் கண் இல்லை, காதும் இல்லை. தொரட்டியின் கொக்கி நைட்டியின் கழுத்தில் மாட்டியது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை, மாட்டியதா, அவள் மாட்டினாளா, இழுத்தாள், சுவரில் காலை உதைத்துக்கொண்டு பலம் உள்ள மட்டும் இழுத்தாள், துணி கிழிந்தது, பிரிஸ்கா மல்லாந்து விழுந்தாள், விழுந்தபடியே கோபமாகத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துவிட்டாள், போதும், ஜெனோவா கையை விரித்து மேலே ஆட்டி நெருப்பு என்றாள், கதவைக் காட்டினாள், வேண்டாம், கீழே, தரையோடு வா, இங்கே வா. பிரிஸ்கா தவழ்ந்து வந்தாள், கண்ணாடிச் சில்லு உள்ளங்கையில் குத்திய இடமெல்லாம் ரத்தம், ஜன்னல் விளிம்பில் முகத்தை ஏற்றி வெளிக்காற்றை வாயைத் திறந்து குடித்தாள், ஜெனோவா கம்பி வழியாக அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள், பிடித்த பிடி விடவில்லை, உள்ளே தெரு ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும், கதவை உதைக்கிற சத்தமும், யாரோ ஏல மெதுவா, மெதுவா ஒதைங்கல, புள்ள உள்ள நிக்கா என்று கத்துகிற சத்தமும் கேட்டது, கதவு உள்ளே விழுந்தபோது தரை அதிர்ந்தது, அந்த அதிர்வு உடம்பில் பட்டுத்தான் பிரிஸ்கா திரும்பினாள்.

தீயணைப்பு ஆட்கள் வரும்போது அணைத்து முடித்திருந்தார்கள், அவர்களில் ஒருவர் உருகிய வாளியைக் காலால் புரட்டி, இதுக்குள்ள என்னம்மா கெடந்துச்சு, என்று கேட்டார், எண்ணெய்த்துணி என்றாள், என்ன எண்ணெய், சொன்னாள், அவர் தலையாட்டினார், அந்த எண்ணெய் காயும்போது சூடு விடும்மா, விரிச்சுப் போட்டா காத்துல போயிரும், சுருட்டி அமுக்கி வச்சா சூடு உள்ளயே நின்னு தன்னால பிடிச்சிக்கிடும், தண்ணியில முக்கிப் போட்டிருக்கணும், யாருக்கும் தெரியறதில்ல, என்று சாதாரணமாகத்தான் சொன்னார். கேஸ்? என்று கேட்டாள் ஜெனோவா. கேஸ் மூடித்தாம்மா இருக்கு.

பிரிஸ்கா ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருமிவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்தாள். லிகோரி எந்தக் கடலிலிருந்தோ வீடியோவில் கூப்பிட்டான், ஜெனோவா எல்லாவற்றையும் சொன்னாள், துணியைச் சுருட்டி வைத்ததையும் சொன்னாள், அவனுக்குப் பின்னால் கப்பல் ஆடிக்கொண்டிருந்தது, அவள் அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள், அப்போதுதான் அவன் அழுகிறான் என்பது தெரிந்தது, நாந்தாம்ளா எண்ணெய் போடு, எண்ணெய் போடுன்னு உசிர எடுத்தேன், என்றான். கிட்டாரை யாரோ தூக்கி வந்து விக்டோரியா அக்கா வீட்டு வராந்தாவில் சாத்தியிருந்தார்கள், நெருப்பு அதைத் தொடவில்லை, ஆனால் காயாத எண்ணெயின் மேல் கரி முழுக்கப் படிந்து உள்ளே இறங்கிவிட்டது, அடையாளமே தெரியாமல் கறுத்திருந்தது, அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் எந்தப் பக்கமும் போகவில்லை. ஒத்திகைக்குப் போகவில்லை, கடைக்குப் போகவில்லை, பிரிஸ்கா குளிக்கப் போனால் வெளியே நின்றாள், பிரிஸ்கா தைத்தால் எதிரில் உட்கார்ந்து பார்த்தாள், புதிதாகப் போட்ட கதவில் தாழ்ப்பாள் வைக்கவேண்டாம் என்று தச்சரிடம் அவளே சொல்லிவிட்டாள், பிரிஸ்கா அதைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள், கை வேகமாக அசைந்தது, நான் என்ன அடுப்பா, எந்நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். பிறகு கேட்டாள், அன்றைக்கு ஏன் திரும்பி வந்தாய், புகை தெரிந்ததா, மாதா சொன்னாளா. ஜெனோவா உண்மையைச் சொன்னாள், கேஸ் குமிழைத் திருகுகிற மாதிரி கையைத் திருகிக் காட்டினாள். பிரிஸ்கா அவளையே பார்த்தாள், பிறகு தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது, சிரித்தாள், சிரித்து இருமி, இருமிச் சிரித்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள், ஜெனோவாவும் சிரிக்க வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது, அந்தத் தீக்குப் பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள்.

கிட்டாரைத் தூக்கிவந்தது பிரிஸ்காதான். மொட்டைமாடியில் நிழலில் பாய் விரித்து, முதலில் காய்ந்த பிரஷ்ஷால் கரியை உதிர்த்தார்கள், ஈரம் பட்டால் இன்னும் உள்ளே போய்விடும், பிறகு உப்புத்தாள், ரேகையின் போக்கில், ஆளுக்கு ஒரு பக்கம். பிரிஸ்கா மேல்தோளைத் தேய்த்தாள், அங்கே அவளுடைய கைக்கறை இருந்தது, அவளுக்கு அது தெரியுமோ என்னவோ, கரியோடு கரியாக அதையும் தேய்த்து ஊதிவிட்டாள், ஜெனோவா நிறுத்தவில்லை. எண்ணெய் போட வேண்டும் என்று பிரிஸ்கா காட்டியபோது ஜெனோவாவின் கை மடிக்குள் போய்விட்டது, பிரிஸ்காவே நனைத்தாள், பிரிஸ்காவே தேய்த்தாள், நனைத்த ஒவ்வொரு துண்டையும் கொடியில் தனித்தனியாக விரித்துக் கிளிப் போட்டாள், ஜெனோவா கொடிக்குக் கீழே வாளித் தண்ணீரோடு நின்று, போய்ப் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தாள், சுடுகிறதா, இல்லை, சுடுகிறதா, வெயில்தான், காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்த பிறகும் அத்தனையையும் தண்ணீரில் முக்கித் தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய் அவளே போட்டாள். மரம் பழைய நிறத்துக்கு வரவில்லை, ரேகைகளுக்குள் கரி தங்கிவிட்டது, மை போட்ட கண்ணின் ஓரம் மாதிரி.

திருவிழாக் கச்சேரிக்கு வரமாட்டேன் என்று சொல்லத்தான் மாஸ்டருக்குப் போன் செய்தாள், அவர் எடுத்ததும், ஏம்மா, அன்னைக்கு நாங்க சிரிச்சிருக்கக் கூடாதும்மா, என்றார், அந்தக் குரலைக் கேட்டதும், எத்தன மணிக்கு வரணும் மாஸ்டர், என்று கேட்டுவிட்டாள். சாயங்காலம் மைதானம் நிறைந்து கிடக்கிறது, மேடையில் அவள் பின்னால், ஆம்ப்பின் பக்கத்தில், கிட்டார் நெஞ்சோடு, முதல் பாட்டு நன்றாகப் போகிறது, இரண்டாவது பாட்டு, நடுவில், அதே இடத்தில், விலா எலும்புக்குக் கீழே, அது வந்துவிடுகிறது, கேஸை மூடினோமா, இஸ்திரிப் பெட்டி, மெயின், மொட்டைமாடிக் கொடியில் ஏதாவது ஒரு துணி விட்டுப்போயிற்றோ, ஒரே ஒரு துணி, மடங்கி விழுந்து, அதற்கு மேல் இன்னொன்று, விரல் அடுத்த கம்பியைத் தேடுகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள், என்று அவள் மனசு வீட்டுக்குள் நுழைந்து அறை அறையாக ஓடுகிறது, புதுக்கதவைத் தள்ளுகிறது, கட்டிலைப் பார்க்கிறது, கட்டிலில் யாருமில்லை. யாருமில்லை. பிரிஸ்கா மேடையின் பக்கவாட்டுப் படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், பலகையில் உள்ளங்காலைப் பதித்துக்கொண்டு சோளப்பொரி தின்கிறாள். லிகோரி கடலில் இருக்கிறான். வீட்டில் ஒரு கட்டில், ஒரு மெஷின், கொஞ்சம் பாத்திரம், பூட்டு. எரிந்தால் எரியட்டும், என்று ஜெனோவா நினைத்தாள், இப்படி ஒரு நினைப்பு தனக்கு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை, அதற்கே கொஞ்சம் பயந்தாள், எரியட்டும், பாட்டு முடியட்டும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம், மாஸ்டர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் தடித்த கம்பியை இழுத்து விட்டாள், சரியான இடத்தில்.